திறமை இருந்தாலும் காலியாகலாம்: போக்கர் மேசைக்கு எவ்வளவு காசோட போகணும்?

சீட்டாட்டத்தைப் பத்தி நம்ம நீதிமன்றங்கள் அரை நூற்றாண்டுக்கு மேல ஒரே கேள்வியைத்தான் அலசிக்கிட்டு இருந்தன. இது திறமையா, அதிர்ஷ்டமா?

1968ல் செகந்திராபாத் கிளப் ஒண்ணு சம்பந்தப்பட்ட வழக்கில், ரம்மியில் பெரும்பங்கு திறமைதான்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. 1996ல் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் குதிரைப் பந்தயத்துக்கும் அதே பதில். தமிழ்நாடு அரசு ஆன்லைன் ரம்மி, போக்கருக்குப் போட்ட தடையை 2021 ஆகஸ்ட் 3ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்புறம் நீதிபதி கே. சந்துரு குழு அறிக்கை, 2022 சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பினது, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றினது, 2023 ஏப்ரலில் ஒப்புதல். 2023 நவம்பர் 9ல் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏத்துக்கிட்டு, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் சேர்த்ததை மட்டும் நீக்கியது. கடைசியா 2025 ஆகஸ்ட் 22ல் ஜனாதிபதி ஒப்புதல் வாங்கின மத்திய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாதுன்னு முடிச்சுவிட்டது.

இந்த வழக்குகளைப் படிக்கும்போது எனக்கு உறுத்தின விஷயம் ஒண்ணு. "திறமை ஆட்டம்"னு கோர்ட் சொன்னதும், "அப்போ திறமை இருக்கிறவன் ஜெயிப்பான்"னு நாம புரிஞ்சுக்கறோம். கணக்கு அப்படிச் சொல்லலை. நிஜமான திறமை இருக்கிற ஆள் கூட, கொண்டு போன காசுக்கும் வெக்கிற பந்தயத்துக்கும் பொருத்தம் இல்லேன்னா காலியாகிடுவார். நிறைய வீடுகளில் பிரச்சினை ஆரம்பிக்கிற இடமும் இதுதான்.

ஆன்லைன் மூடியாச்சு. ஆனா கோவா மாண்டோவி ஆத்துல நிக்கற கப்பல்கள், சிக்கிம், காத்மாண்டு, கொழும்பு, சிங்கப்பூர், கெந்திங் மலை இதெல்லாம் திறந்துதான் இருக்கு. கோயமுத்தூர், பொள்ளாச்சிப் பக்கமிருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பி திங்கக்கிழமை காலையில ஆபீஸ் வந்து உக்காரறவங்களை நம்மில் பலருக்குத் தெரியும். நேரடி மேசையில் ஆடறவங்க ஆட்டத்துக்குன்னு ஒதுக்கற தொகைக்கு "பேங்க்ரோல்"னு பேரு. நான் ஆட்ட முதல்னு சொல்றேன். அதோட கணக்கு என்ன, நஷ்டத்தை எப்படிக் கையாளணும்ங்கறதுதான் இந்தக் குறிப்பு.

ஒரு நாணயம், மூணு ஆளுங்க

போக்கருக்குப் போகறதுக்கு முன்னாடி ஒரு எளிய ஆட்டம். ஒரு கோணல் நாணயம். 100 தடவை சுண்டினா சராசரியா 55 தடவை உங்க பக்கம் விழும். விழுந்தா வெச்ச காசு அளவுக்கு லாபம், விழலேன்னா வெச்சது போச்சு. இது உங்களுக்குச் சாதகமான ஆட்டம். இப்படி ஒரு சாதகம் எந்த கேசினோவும் தராது.

மூணு பேர் தலா 1,00,000 ரூபாயோட உக்காரறாங்க. முதல் ஆள் ஒவ்வொரு தடவையும் அப்போ கையில இருக்கறதுல 10% வெக்கிறார். ரெண்டாவது ஆள் 20%. மூணாவது ஆள் 40%. நூறு சுண்டல், எல்லாருக்கும் சரியா 55 வெற்றி, 45 தோல்வின்னு வெச்சுக்குவோம். முடிவு இது:

- 10% வெச்சவர் கையில சுமார் 1,65,000 ரூபாய்.
- 20% வெச்சவர் கையில சுமார் 98,600 ரூபாய்.
- 40% வெச்சவர் கையில சுமார் 1,130 ரூபாய்.

கால்குலேட்டர்ல நீங்களே போட்டுப் பாருங்க. மூணாவது ஆளுக்கு 1.4ஐ 55 தடவை பெருக்கி, அதை 0.6ஆல் 45 தடவை பெருக்கணும். அதே நாணயம், அதே வெற்றி எண்ணிக்கை. வெச்ச அளவு மட்டும்தான் வேற.

காரணம் சிக்கலானது இல்லை. 100 ரூபாயில 20% போனா மிச்சம் 80. பழைய இடத்துக்கு வர 25% ஜெயிக்கணும். பாதி போனா 100% ஜெயிக்கணும். 80% போனா 400%. குழி ஆழமாக ஆக, ஏற வேண்டிய உயரம் அதைவிட வேகமா கூடுது.

பெல் லேப்ஸ்ல வேலை பார்த்த ஜான் கெல்லி 1956ல் ஒரு கட்டுரையில இதுக்கு விடை சொன்னார். அவர் எழுதினது தொலைத்தொடர்புத் தகவல் வேகத்தைப் பத்தி. அதுல இருந்து பந்தய அளவுக்கு ஒரு சூத்திரம் வந்தது. நம்ம நாணயத்துக்கு அது சொல்ற அளவு 10%. அதுக்கு ரெண்டு மடங்கு வெச்சா வளர்ச்சி பூஜ்யத்துக்குப் போயிடும், அதையும் தாண்டினா அழிவுதான். எட்வர்ட் தோர்ப் பிளாக்ஜாக்ல இதைப் பயன்படுத்தி, அப்புறம் பங்குச் சந்தைக்கும் கொண்டு போனார். சாதகமே இல்லாத ஆட்டத்துக்கு அதே சூத்திரம் சொல்ற பந்தய அளவு பூஜ்யம்.

ஒரு ராத்திரியில ஒண்ணும் தெரியாது

இப்போ நிஜ போக்கர். மேசையில ஒன்பது பேர். ஒவ்வொரு கைக்கும் ரெண்டு பேர் கட்டாயமா போடற காசுக்கு பிளைண்ட்னு பேரு. உதாரணத்துக்கு 100–200 மேசை. பெரிய பிளைண்ட் 200 ரூபாய். வழக்கமா அதுல 100 மடங்கு, அதாவது 20,000 ரூபாய்க்கு சிப் வாங்கி உக்காருவாங்க. இது ஒரு பை-இன்.

ஒரு நல்ல ஆட்டக்காரர். ரேக் எல்லாம் போக 100 கைக்கு 5 பெரிய பிளைண்ட் லாபம்னு வெச்சுக்குவோம். அதாவது 1,000 ரூபாய். கேக்க சின்னதா தெரியும், ஆனா ரொம்ப நாள் தொடர்ந்து இந்த அளவு எடுக்கறவங்க கொஞ்சம் பேர்தான். இந்த ஆட்டத்துல ஏத்த இறக்கம் பெருசு. திட்ட விலக்கம் 100 கைக்கு 90 பெரிய பிளைண்ட்னு எடுத்துக்குவோம். சராசரி 5, ஆட்டம் 90. இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.

நேரடி மேசையில மணிக்கு சுமார் 30 கை. எட்டு மணி நேரம் உக்காந்தா 240 கை. அந்த ராத்திரிக்கு எதிர்பார்க்கற லாபம் 12 பெரிய பிளைண்ட், திட்ட விலக்கம் 139. இதுல இருந்து கணக்குப் போட்டா, இந்த நல்ல ஆட்டக்காரர் 100 ராத்திரியில சுமார் 47 ராத்திரி நஷ்டத்தோடதான் எந்திரிப்பார்.

சரி, மாசம் ஒரு ராத்திரி, ஒரு வருஷம் போகட்டும். 12 ராத்திரி, 2,880 கை. அப்பவும் வருஷக் கணக்கு நஷ்டத்துல முடிய 38% வாய்ப்பு.

இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாத்தான் பயம் வரும். 100 கைக்கு 5 பிளைண்ட் *தோக்கற* ஆளுக்கும் அதே 38% வாய்ப்புல வருஷக் கடைசியில லாபம் நிக்கும். "போன வருஷம் முழுக்க லாபம்தாங்க"ன்னு ஒருத்தர் சொன்னா, அவர் பொய் சொல்லலை. ஆனா அதை வெச்சு அவர் நல்லா ஆடறாரான்னு சொல்ல முடியாது. அவராலயும் முடியாது.

எத்தனை கை ஆடினா ஓரளவு உறுதியாச் சொல்லலாம்? இந்த நல்ல ஆட்டக்காரர் கணக்கு லாபத்துல நிக்க 95% வாய்ப்பு வரணும்னா சுமார் 87,700 கை வேணும். எட்டு மணி நேர ராத்திரின்னா 365 ராத்திரி. மாசம் ஒரு தடவை போற ஆளுக்கு முப்பது வருஷம். ஆன்லைன்ல ஒரே நேரத்துல நாலு மேசை ஆடி இந்த எண்ணிக்கையைச் சில மாசத்துல தொட்டுடுவாங்க. நேரடி மேசையில ஆடறவருக்கு அந்த வசதி இல்லை. தன் திறமை தனக்கே தெரியாமத்தான் பெரும்பாலானவங்க ஆடி முடிக்கிறாங்க.

எங்க கிணத்துக்கடவு தக்காளி மார்க்கெட்டுக்கு வர்ற விவசாயிங்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். நல்லா விளைவிச்ச ஆளுக்கும் பெட்டி விலை விழுந்து பறிப்புக் கூலி கூடக் கட்டாத சீசன் உண்டு. சுமாரா விளைவிச்ச ஆளு விலை ஏறின வாரத்துல கொண்டு வந்து சம்பாதிச்சதும் உண்டு. ஒரு சீசன் விலையை வெச்சு யாரும் "இவன் நல்ல விவசாயி"ன்னு முடிவு பண்றதில்லை. விலை விழுந்த வருஷம் போனப்புறம் அடுத்த நாத்து வாங்க கையில காசு இருந்ததாங்கறதுதான் ஆளைக் காப்பாத்தற விஷயம்.

விதைநெல்லா, டிக்கெட் காசா?

அப்போ அந்த நல்ல ஆட்டக்காரருக்கு எவ்வளவு முதல் வேணும்? சூதாடி கையிருப்பு கரைஞ்சு போற கணக்கு பழசு. பாஸ்கல், ஃபெர்மா கடிதப் போக்குவரத்துல வந்தது, 1657ல் ஹைகன்ஸ் புத்தகத்துல அச்சானது. மேல சொன்ன அதே எண்களைப் போட்டு, நடுவுல காசு எடுக்காம, மறுபடி போடாம, ஆடிக்கிட்டே இருந்தா என்னைக்காவது ஒரு நாள் முழுசா காலியாகற வாய்ப்பு இது:

- 3 பை-இன் (60,000 ரூபாய்): 69%
- 5 பை-இன் (1,00,000 ரூபாய்): 54%
- 10 பை-இன் (2,00,000 ரூபாய்): 29%
- 20 பை-இன் (4,00,000 ரூபாய்): 8.5%
- 37 பை-இன் (7,40,000 ரூபாய்): சுமார் 1%

ஜெயிக்கிற ஆளோட பட்டியல் இது. அவரோட லாபம் 5க்குப் பதிலா 2.5ன்னா, 20 பை-இன் இருந்தும் காலியாகற வாய்ப்பு 29%. லாபம் பூஜ்யமோ அதுக்குக் கீழயோன்னா வாய்ப்பு 100%. எவ்வளவு முதல் போட்டாலும் சரி. அதிகப் பணம் கொண்டு போனா காலியாக அதிக நாள் ஆகும், அவ்வளவுதான்.

இதுல இருந்து ஆட்ட முதலுக்கு ரெண்டே வகை அர்த்தம்தான் எனக்குத் தெரியுது.

ஒண்ணு விதைநெல். தனக்குச் சாதகம் இருக்குன்னு பல ஆயிரம் கைகளோட கணக்கு நோட்டைக் காட்டி நிரூபிக்க முடிஞ்சவருக்கு அது தொழில் முதல். அதைக் குத்திச் சோறாக்கக் கூடாது. ஒரே மேசையில மொத்தத்தையும் வெக்கக் கூடாது. மூணுல ஒரு பங்கு கரைஞ்சா சின்ன பிளைண்ட் மேசைக்கு இறங்கணும்.

இன்னொண்ணு டிக்கெட் காசு. மத்த எல்லாருக்கும் இதுதான். கச்சேரிக்கோ சினிமாவுக்கோ போறப்ப டிக்கெட் காசு திரும்பி வரும்னு யாரும் எதிர்பார்க்கறதில்லை. அன்னைக்கு ராத்திரி சந்தோஷத்துக்கு அது விலை. கிளம்பும்போதே செலவுக் கணக்குல எழுதிட வேண்டியது.

டிக்கெட் காசை விதைநெல்லுன்னு நினைக்கிறப்பதான் எல்லாம் கெடுது. "போட்டிருக்கேன், எடுத்துடலாம்"ங்கற வார்த்தை வாயில வந்துட்டா, இந்த ரெண்டும் குழம்பிடுச்சுன்னு அர்த்தம்.

மேசையை விட்டு இறங்கிப் போற காசு

கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி மண்டபத்துல ஜமுக்காளம் விரிச்சு ரம்மி ஆடறது நம்ம பக்கம் பழக்கம். அங்க ஒருத்தர் தோத்தது இன்னொருத்தர் சட்டைப் பையில இருக்கும். மாமன் மச்சானுக்குள்ளயே சுத்தும். கேசினோ மேசையில அப்படி இல்லை. ஒவ்வொரு பெரிய கையிலயும் ஒரு பங்கை மேசைக்காரர் எடுத்துக்குவார். அதுதான் ரேக்.

சராசரியா ஒரு கைக்கு 200 ரூபாய் ரேக்னு வெச்சுக்குவோம். 4,000 ரூபாய் சேர்ற கையில 5%. மணிக்கு 30 கை, எட்டு மணி நேரம்: 48,000 ரூபாய். ஒன்பது பேரும் ஆளுக்கு 20,000 போட்டு உக்காந்தா மேசையில மொத்தம் 1,80,000. விடியறப்ப அதுல கால் பங்குக்கு மேல மேசையிலயே இருக்காது. ஆளுக்குச் சுமார் 5,300 ரூபாய். டீலருக்குக் குடுக்கற டிப்ஸ் தனி. நம்ம நல்ல ஆட்டக்காரர் 100 கைக்கு 5 பிளைண்ட் எடுக்கணும்னா, ரேக்குக்கு முன்னாடி 16 பிளைண்ட் எடுக்கற அளவுக்கு மத்தவங்களைவிட நல்லா ஆடணும்.

அடுத்து வரி. 2023 அக்டோபர் 1 முதல் கேசினோவில சிப் வாங்கற முழுத் தொகைக்கும் 28% ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40%. நீங்க குடுக்கற 20,000 ரூபாய்க்குள்ளயே வரியும் அடக்கம்னா, கைக்கு வர்ற சிப் 14,286 ரூபாய்க்குத்தான். இதை மேசைக்காரர் எப்படிப் பிரிக்கிறார்னு உக்காரறதுக்கு முன்னாடியே கேளுங்க.

கடைசியா வருமான வரி. வருமான வரிச் சட்டப்படி சீட்டாட்டத்துல ஜெயிச்ச பணத்துக்கு 30%, மேல 4% செஸ். சம்பளம் எவ்வளவு குறைவா இருந்தாலும் இதே விகிதம். தோத்ததை அதுல கழிக்க முடியாது, அடுத்த வருஷத்துக்கும் எடுத்துட்டுப் போக முடியாது. ஒருத்தர் 12 தடவை போனார். ஏழு தடவை தலா 25,000 ஜெயிச்சார், அஞ்சு தடவை தலா 24,000 தோத்தார்னு வெச்சுக்குவோம். கையில நிக்கிற லாபம் 55,000. ஆனா வரி 1,75,000க்கு. செஸ் சேர்த்து 54,600 ரூபாய். வருஷம் பூரா கண் முழிச்சதுக்கு மிச்சம் 400 ரூபாய். போக்குவரத்து, ரூம் வாடகை இன்னும் கழிக்கலை.

ஒழுங்கா வரி கட்டறவருக்கு, நம்ம நாட்டுல நேரடி போக்கரில் விதைநெல் வகை கிட்டத்தட்ட கிடையாதுங்கறதுதான் இதோட அர்த்தம். ரௌலட், பாக்கரா மேசையில இந்தப் பேச்சே தேவையில்லை. ஒரு பூஜ்யம் இருக்கிற ரௌலட்ல ஒவ்வொரு 100 ரூபாய் பந்தயத்துலயும் சராசரியா 2.70 ரூபாய் மேசைக்குப் போகும், ரெண்டு பூஜ்யம் இருந்தா 5.26. அங்க திறமைக்கு வேலையே இல்லை.

விட்டதைப் பிடிக்கிறது

தோக்கற வழிகளில் மோசமானதுக்குத் தமிழ்லயே பேரு இருக்கு. "விட்டதைப் பிடிக்கணும்."

1979ல் டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி ரெண்டு பேரும் சொன்னது இது. லாபத்துல இருக்கிறப்ப மனுஷன் ஜாக்கிரதையா இருப்பான், நஷ்டத்துல இருக்கிறப்பத்தான் பெரிய ஆபத்தைத் தேடுவான். 1990ல் ரிச்சர்ட் தேலர், எரிக் ஜான்சன் இன்னும் ரெண்டைச் சேர்த்தாங்க. ஜெயிச்ச காசை நம்ம காசா நினைக்காம, கேசினோக்காரன் காசுன்னு நினைச்சுத் தாராளமா வெக்கிறோம். தோத்துக்கிட்டு இருக்கும்போது, ஒரே அடியில பழைய இடத்துக்குக் கொண்டு வர்ற பந்தயம் எதுவோ அது ரொம்ப அழகாத் தெரியும்.

மகாபாரதத்துல தர்மர் பண்ணினதும் அதுதான். தோக்கத் தோக்கப் பந்தயம் பெருசாச்சு. செல்வம், நாடு, தம்பிகள், தான், கடைசியில பாஞ்சாலி. அதுக்கப்புறம் எல்லாம் திரும்பக் கிடைச்சும், மறுபடி கூப்பிட்டப்ப ரெண்டாவது தடவையும் போய் உக்காந்தார். திருக்குறளிலும் சூது 94வது அதிகாரம். கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவுல வருது.

தோத்தா இரட்டிப்பு வெக்கிற முறையும் இதே நோய்தான், கணக்குச் சட்டை போட்டிருக்கும். 500 ரூபாயில ஆரம்பிச்சு எட்டு தடவை தொடர்ந்து தோத்தா போனது 1,27,500. ஒன்பதாவது பந்தயம் 1,28,000. அதுல ஜெயிச்சாலும் மொத்த லாபம் 500 ரூபாய். ஒரு பூஜ்ய ரௌலட்ல சிவப்புக்கு வெச்சு எட்டு தடவை தொடர்ந்து தோக்கறதுக்கான வாய்ப்பு சுமார் 207ல் ஒண்ணு. ஒரு ராத்திரியில சுத்தற எண்ணிக்கைக்கு அது அபூர்வம் இல்லை.

நஷ்ட வரம்பு பத்தி ஒரு விஷயம் சொல்லணும். "20,000 போனா எந்திரிச்சுடுவேன்"ங்கற விதி சீட்டோட கணக்கை மாத்தாது. சீட்டுக்கட்டுக்கு நீங்க தோத்தது தெரியாது. ஆனா ராத்திரி மூணு மணிக்கு, ரெண்டு பை-இன் போனப்புறம் ஆடற நீங்க, பத்து மணிக்கு ஆடின நீங்க இல்லை. வரம்பு காப்பாத்தறது அந்த மூணு மணி ஆளை.

அரசாங்கம் போட்ட வேலிகளைப் பாருங்க

மனசு எந்த இடத்துல சறுக்கும்னு தெரிஞ்சவங்க போட்ட விதிகள் இருக்கு. அதுல இருந்து நாம எடுத்துக்கலாம்.

சிங்கப்பூர்ல 2010ல் ரெண்டு கேசினோ திறந்தாங்க. வெளிநாட்டுக்காரருக்கு நுழைவு இலவசம். அந்த நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 24 மணி நேரத்துக்கு 100 சிங்கப்பூர் டாலர் கட்டணும். 2019ல் அது 150 ஆச்சு. கேசினோ வளாகத்துக்குள்ள ஏடிஎம் கூடாது. உள்ளூர்க்காரருக்குப் பொதுவா கடனுக்கு சிப் தரக் கூடாது. ஒருத்தர் தன்னைத்தானே உள்ள விடாதீங்கன்னு எழுதிக் குடுக்கலாம். குடும்பத்துல இருக்கறவங்களும் அவரைத் தடுக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். அங்க இருக்கிற நம்ம தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த வழி உண்டு.

கோவா அரசு 2020 பிப்ரவரியில உள்ளூர்க்காரர் கேசினோவில நுழையத் தடை போட்டது. நேபாளத்துல நேபாளிகளுக்கு அனுமதி இல்லை. மொனாக்கோவிலயும் சொந்தக் குடிமக்களுக்கு இல்லை. கடை நடத்தறவங்களே தன் வீட்டு ஆளை அந்தக் கடையில சாப்பிட விடலைன்னா, என்ன அர்த்தம்னு நாமதான் யோசிக்கணும்.

தமிழ்நாடும் இப்படி யோசிச்சது. 2025 பிப்ரவரியில வந்த ஆன்லைன் பண விளையாட்டு ஒழுங்குமுறைகளில் நள்ளிரவு 12ல் இருந்து காலை 5 மணி வரைக்கும் ஆட்டம் கூடாதுன்னு விதி. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆடினா 30 நிமிஷத்துக்கு ஒரு தடவை எச்சரிக்கை. நாள், வாரம், மாசத்துக்கு ஆட்டக்காரரே பண வரம்பு போடற வசதி. 2025 ஜூன் 3ல் சென்னை உயர் நீதிமன்றம் இவை செல்லும்னு சொன்னது. ரெண்டரை மாசத்துல மத்திய தடை வந்ததால இந்த விதிகளுக்கு வேலை இல்லாமப் போச்சு. ஆனா கோவா கப்பல் ஏறற ஆளுக்கு இதைவிட நல்ல சட்டைப்பைச் சீட்டு எனக்குத் தெரியலை.

நடைமுறையில

இதையெல்லாம் தனி ஆள் விதியா மாத்தினா இப்படி வரும்.

1. தொகையை ஊர்ல இருக்கும்போதே முடிவு பண்ணுங்க. வருஷத்துக்கு இவ்வளவு, ஒரு தடவைக்கு இவ்வளவு. அந்தத் தொகையை வீட்ல வாய் விட்டுச் சொல்ல முடியணும். சொல்லத் தயக்கம் வந்தா அது அதிகம்.

2. அந்தக் காசுக்குத் தனிக் கணக்கு. யுபிஐ சம்பளக் கணக்கோட இணைஞ்சிருந்தா வேலியே இல்லைன்னு அர்த்தம். கப்பல் ஏறும்போது கிரெடிட் கார்டும் போன்ல இருக்கிற மத்த பேங்க் ஆப்பும் ரூம்லயே இருக்கட்டும். சிங்கப்பூர்ல ஏடிஎம் இல்லாததுக்குச் சமம் இது.

3. நகைக்கடன், தனிநபர் கடன், ஏலச்சீட்டு எடுத்த காசு, பசங்க ஃபீஸ், நண்பர்கிட்ட கைமாத்து, எதுவும் கூடாது. கடன் காசுக்கு வட்டி ஓடறதால, அந்த ஆட்டம் ஆரம்பிக்கும்போதே நஷ்டம்.

4. ஒரு ராத்திரிக்கு ஒரு பை-இன். மிஞ்சினா ரெண்டு. சங்கடமில்லாம ஆடற அளவுக்குச் சின்ன பிளைண்ட் மேசை. பக்கத்து மேசையில நண்பர் பெரிய பிளைண்ட் ஆடறது உங்க காரணம் ஆகக் கூடாது.

5. எந்திரிக்கிறது கடிகாரப்படி. ஜெயிச்சாலும் தோத்தாலும் 12 மணின்னா 12 மணி. "இன்னும் ரெண்டு கை"ங்கறது விதியில இல்லை.

6. ஜெயிச்ச காசு அன்னைக்கே உங்க காசு. அடுத்த நாள் மேசைக்கு அதைக் கொண்டு போகாதீங்க. வரிக்கு 31.2% தனியா எடுத்து வெச்சுட்டு மிச்சத்தைத்தான் எண்ணணும்.

7. நோட்டு எழுதுங்க. தேதி, மேசை, உக்காந்த நேரம், எந்திரிச்ச நேரம், போட்டது, எடுத்தது, டிப்ஸ், பயணச் செலவு. ஜெயிச்ச ராத்திரிகள் மட்டும் ஞாபகம் இருக்கிற மூளைக்கு எதிரா இது ஒண்ணுதான் சாட்சி.

நோட்டு எழுதச் சலிப்பா இருக்குன்னா, உங்களுக்கு அது டிக்கெட் காசுன்னு முடிவாயிடுச்சு. அதுல தப்பில்லை. அதுக்கு மேல எதிர்பார்க்காம இருந்தாப் போதும்.

ஏற்கெனவே வேலி தாண்டிட்டவருக்கு

இதைப் படிக்கிறவங்களில் சிலருக்கு மேல சொன்ன விதியெல்லாம் காலம் கடந்ததா இருக்கலாம். கடன் வந்தாச்சு, வீட்ல தெரியாது, ஒரு நல்ல ராத்திரி வந்தா அடைச்சுடலாம்னு நினைப்பு ஓடிக்கிட்டு இருக்கும். அவங்களுக்கு இந்தக் கணக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுது. கடனை மேசையில அடைக்க முடியாது. நாணய ஆட்டத்துல 40% வெச்ச ஆளு நீங்க இப்போ. சாதகமான நாணயத்துலயே அவர் கையில மிஞ்சினது 1,130 ரூபாய்.

போன காசு கணக்கில் முடிஞ்சு போன செலவு. மிச்சம் இருக்கறது கடன் மட்டும். கடன்னா அதுக்கு வட்டி விகிதம் இருக்கு, தவணை இருக்கு, பேசித் தீர்க்க ஆள் இருக்கு. சம்பளத்துல இத்தனை மாசம்னு போட்டா அதுக்கு ஒரு முடிவுத் தேதி வரும். ஆட்டத்துக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. முதல்ல தொகையை முழுசா, குறைக்காம, வீட்ல ஒருத்தர்கிட்டயாவது சொல்லுங்க. நிறைய பேரை உடைச்சது கடனைவிட அதை மறைச்சு வெச்ச மாசங்கள்தான். பேச ஆள் இல்லேன்னா டெலி-மானஸ் இலவச எண் 14416. தமிழ்லயே பேசலாம், எந்த நேரமும் எடுப்பாங்க.

ஆட்டக்காரர் வீட்ல இருக்கறவங்க இதைப் படிச்சா, அவர்கிட்ட "ஜெயிச்சியா, தோத்தியா"ன்னு கேக்காதீங்க. அந்தக் கேள்விக்கு வர்ற பதில் ஒரு ராத்திரியோட விலை மட்டும்தான். "எவ்வளவு காசோட போனே, அது எங்க இருந்து வந்தது"ன்னு கேளுங்க.